பட்டணத்தானும் பட்டிக்காட்டானும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கூலி உயர்வைப் பற்றி அல்ல. போனஸைப் பற்றியும் அல்ல. வசவைப் பற்றி. நாம் தினமும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோமே, கேலி பேசிச் சிரிக்கிறோமே, அதைப் பற்றி.

"இதெல்லாம் ஒரு விஷயமா? கூட்டம் போட்டுப் பேச வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு வசவால் ஒரு வேலைநிறுத்தமே தோற்றுப்போனதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தவன் மட்டுமல்ல, அந்த வசவைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதைப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பட்டணத்துப் பேச்சைப் பார்ப்போம். சென்னையில் ரிக்‌ஷா இழுத்தவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், ஆலையில் ராட்டினம் ஓட்டியவன், மீன் விற்ற தாய்மார்கள் பேசிய பேச்சை 'மெட்ராஸ் பாஷை' என்கிறார்கள். 'கூவம் பாஷை' என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சினிமாவில் இந்தப் பேச்சு வந்தால் ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கதாநாயகன் சுத்தத் தமிழில் காதல் பேசுவான். அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற கோமாளி 'இன்னாபா' என்பான்.

இந்தப் பாஷையில் என்ன குற்றம்? 'நாஸ்டா', 'உஷார்', 'ஜல்தி', 'பேஜார்' எல்லாம் உருது வழியாக வந்த வார்த்தைகள். 'துட்டு' என்பது டச்சுக்காரனுடைய செப்புக்காசின் பெயர். தமிழனும் தெலுங்கனும் உருது பேசுகிற முஸ்லிமும் ஒரே துறைமுகத்தில், ஒரே சந்தையில், ஒரே தண்ணீர்க் குழாயடியில் நின்று வேலை செய்தார்கள். ஒருவன் சொல்லை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். பல ஊர் உழைப்பாளிகள் கூடிப் பொங்கிய சோறு அது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பேச்சில் உள்ள வசவுகளை மட்டும் தனியே எடுத்து உதறிப் பாருங்கள். 'கஸ்மாலம்' என்கிறோம். சேரியில் பிறந்த வார்த்தை என்று நினைக்கிறீர்களா? அது சமஸ்கிருதம். அழுக்கு என்று பொருள். கீதையிலேயே இருக்கிறது. 'கலீஜ்' என்றாலும் அழுக்குத்தான். உருது வழியே வந்தது. 'பேமானி' என்றால் நாணயம் இல்லாதவன்; அதுவும் அந்த வழியே வந்ததுதான். 'சோமாரி' தெலுங்கு; சோம்பேறி என்று அர்த்தம். 'கம்மனாட்டி' என்பது கைம்பெண்ணைக் குறித்த சொல். புருஷனை இழந்த ஒரு பெண்ணின் துயரத்தையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

அழுக்கன், நாணயம் கெட்டவன், சோம்பேறி! நான் கேட்கிறேன்: இந்த மூன்றையும் யார் யாரைப் பார்த்துச் சொல்வது வழக்கம்? கூலி கொடுக்கிறவன் கூலி வாங்குகிறவனைப் பார்த்துச் சொல்வது. எஜமானி வேலைக்காரியைப் பார்த்துச் சொல்வது. மேஸ்திரி சித்தாளைப் பார்த்துச் சொல்வது. மேலேயிருந்து நம் தலையில் கொட்டியதை நாம் கையில் அள்ளிப் பக்கத்தில் நிற்கிறவன் மேல் வீசுகிறோம். கொட்டினவன் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறான்.

'பட்டிக்காட்டான்' என்பதும் இப்படிப்பட்டதே. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற இடம், சிற்றூர். அங்கே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது பட்டணத்தானின் தீர்ப்பு. 'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். மிட்டாய்க் கடையை அவன் ஏன் அப்படிப் பார்க்கிறான்? கரும்பை வெட்டியவன் அவன், மிட்டாய் வாங்கக் காசில்லாதவனும் அவன். பின்னே எப்படிப் பார்ப்பான்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சினிமாவில் 'வில்லன்' என்கிறோமே, அந்த இங்கிலீஷ் வார்த்தையின் பூர்வீகம் தெரியுமா? பிரபுவின் பண்ணையில் கட்டுண்டு உழுத கிராமத்து ஆளுக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது. பண்ணையாளின் பெயரைப் பிரபுக்கள் வசவாக்கினார்கள். பிறகு அயோக்கியன் என்றே அதற்குப் பொருளாகிவிட்டது. உழுதவன் அயோக்கியன், உட்கார்ந்து தின்றவன் கனவான்!

'சேரி' என்ற நம் சொல்லுக்கும் அதே கதிதான். சேர்ந்து வாழும் இடம் சேரி. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் பிராமணர் குடியிருப்பின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வந்த கண்ணகியும் கோவலனும் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில்தான் தங்கினார்கள். அப்படிப்பட்ட நல்ல சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் மட்டும் கட்டி, அதையே இழிசொல்லாக்கினார்கள். வார்த்தை தானாகக் கெடாது, தோழர்களே. மனிதனை மிதிக்கிறபோது அவன் பெயரும் சேர்ந்து மிதிபடுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

செங்கற்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்காரன் வீட்டில் பிறந்தவன் நான். பத்தாவது தேறியவுடன், 'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழிப்படி பட்டணம் வந்து ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். எதற்கெடுத்தாலும் "எங்க ஊர்க் கழனியில..." என்று பேச்சை ஆரம்பிப்பேன். வயலைக் கழனி என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே வாரத்தில் என் பெயரே 'கழனி' ஆகிவிட்டது. "டேய் கழனி, டீ வாங்கினு வா!" "கழனி, இன்னாடா மெஷினை மாடு பாக்கற மாதிரி பாக்கற?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது.

இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாய் தவறி "இன்னா மாமா, சௌக்கியமா கீறியா?" என்று கேட்டுவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த நிலக்காரர் சொன்னார்: "கூவத்துத் தண்ணி குடிச்சுட்டான்டா! பேச்சைப் பாரு." அவர் சிரித்தார். அது போகட்டும். அவர் கழனியில் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்கிற என் சொந்தக்காரர்களும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். பட்டணத்தில் நான் பட்டிக்காட்டான். கிராமத்தில் நான் பட்டணத்தான். இரண்டு இடத்திலும் கூலிக்காரன் என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அப்புறம்தான் அந்த வேலைநிறுத்தம் வந்தது. போனஸ் கேட்டு நின்றோம். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் இரண்டு லாரிகள் ஆலை வாசலுக்கு வந்தன. லாரி நிறைய ஆட்கள், பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் கிராமத்து ஜனங்கள். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்து நடவு இல்லை. "கட்டட வேலை இருக்கிறது, ஏறுங்கள்" என்று ஏஜெண்ட் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வேலைநிறுத்தம் என்ற ஒன்று நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. இது பிற்பாடு எங்களுக்குத் தெரிந்த விஷயம். அப்போது கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

லாரியைக் கண்டதும் எங்கள் ஆட்கள் கத்தினார்கள்: "பட்டிக்காட்டு நாய்ங்களா! சோத்துக்கு இல்லாம வந்துட்டீங்களா?" எல்லோரையும்விட உரக்கக் கத்தியது யார் தெரியுமா? நான்தான். ஏன் கத்தினேன்? அன்றைக்காவது என்னை யாரும் 'கழனி' என்று கூப்பிடக் கூடாது என்பதற்காக. நானும் பட்டணத்தான்தான் என்று நிரூபிப்பதற்காக.

லாரியிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். "ஆமாண்டா, சோத்துக்குத்தான் வந்தோம்! நீ எதுக்குடா ஆலைக்கு வந்தே?" என்றார். அடுத்த நிமிஷம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "டேய், நீ நம்ம மேட்டுத்தெரு ஆயா பேரன் இல்ல?" என்று கேட்டார். நான் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

யாரோ கல் எறிந்தார்கள். ஒரு பெண்ணின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அதுவரை திகைத்து நின்ற லாரி ஜனங்கள் அதன்பின் கோபத்தோடு உள்ளே போனார்கள். போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. இரண்டே வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. போனஸும் இல்லை, பலருக்கு வேலையும் போயிற்று. வேலை போனவர்களில் நானும் ஒருவன்.

சில மாதம் கழித்து மனசு கேட்காமல் அந்த மனிதரைத் தேடிப் போனேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "தம்பி, ஸ்டிரைக்குன்னு ஒரு வார்த்தை முன்னாடியே வந்து சொல்லியிருந்தா நாங்க வந்திருப்போமா? வாசல்ல வந்து நின்னப்பவாவது சொல்லியிருந்தா எறங்கித் திரும்பியிருப்போம். நீங்க சொன்ன மொத வார்த்தையே நாயின்னுதானே?"

தோழர்களே, நான் எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்து அரசியல் படித்திருக்கிறேன். எனக்கு முதல் பாடம் நடத்தியவர் அந்த மனிதர்தான்.

எங்கள் தோல்வி புதுமாதிரியானது அல்ல. நம் சரித்திரத்தில் இதே பள்ளத்தில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள்.

சென்னை நகரம் எப்படி உண்டானது? 1639-ல் கம்பெனிக்காரன் மணல்மேட்டில் இடம் வாங்கிக் கோட்டை கட்டினான். வெள்ளையன் இருந்த இடம் வெள்ளையர் நகரம். நம்மவர் இருந்த இடம் கருப்பர் நகரம். பிறவியிலேயே இரண்டாகப் பிளந்த பட்டணம் அது. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வந்தபோது கிராமத்து ஜனங்கள் எலும்பும் தோலுமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியவர்கள் அவர்கள்தான். அதே 1876-ல் பக்கிங்காம் ஆலை, 1881-ல் கர்நாடிக் ஆலை என்று பெரம்பூர்ப் பக்கம் ஆலைகள் எழுந்தன. அந்தத் தறிகளை ஓட்டியது யார்? நேற்றுவரை ஏர் ஓட்டிய கைகள். அப்படியிருக்க, பட்டணத்துத் தொழிலாளி என்பவன் யார்? கொஞ்சம் முந்தி ரயிலேறிய பட்டிக்காட்டான்!

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் பாடுபட்டார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் வாங்கிய சங்கம் அது. ஆனால் 1921-ல் பி அண்டு சி ஆலையில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது? ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஊர்த் தெருவும் சேரியும் மோதிக்கொண்டன. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது.

கருங்காலிகள் என்று அவர்களை ஏசிவிட்டுப் போவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். குழாயடியில் விலக்கியவன், தெருவில் சாதி சொல்லிக் கூப்பிட்டவன், ஆலை வாசலில் மட்டும் வந்து "நாமெல்லாம் ஒன்று" என்றால் எவன் நம்புவான்? கம்பெனியும் சர்க்காரும் பிளவைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அந்தப் பிளவை அன்றாடம் வாயாலும் நடத்தையாலும் வளர்த்து வைத்திருந்தவர்கள் நம்மவர்கள்தான். இதை மறைத்துச் சரித்திரம் பேசுவதில் பலன் இல்லை.

கழனியிலும் இதே சூழ்ச்சிதான். 1968-ல் கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டபோது, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடையை முடிக்கப் பார்த்தார்கள். அந்தப் பகை முற்றி முற்றி, டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையில் போய் முடிந்தது. அசலூர்க் கூலியை ஆயுதமாக்கி உள்ளூர்க் கூலியை அடிப்பது என்பது ஆலையரசனும் மிராசுதாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்.

இது எந்த நாட்டுக்கும் பொருந்தும். 1870-ல் மார்க்ஸ் ஒரு கடிதத்தில் இங்கிலாந்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலேயத் தொழிலாளி, பிழைக்க வந்த அயர்லாந்துத் தொழிலாளியைக் கண்டால் வெறுக்கிறான். கூலியைக் குறைக்க வந்தவன் என்று நினைக்கிறான். அந்த வெறுப்பைப் பத்திரிகையும் பாதிரியின் பிரசங்கமும் கேலிப் படம் போடுகிற ஏடுகளும் ஊதி ஊதி வளர்க்கின்றன. அத்தனை சங்கங்கள் இருந்தும் ஆங்கிலேயத் தொழிலாளி பலமற்றுக் கிடப்பதன் ரகசியம் இதுதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். கேலிப் படத்தையும் அவர் கணக்கில் சேர்த்ததைக் கவனியுங்கள். கேலி சின்ன விஷயம் அல்ல!

சரி, இன்றைக்கு நிலைமை என்ன?

பி அண்டு சி ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கழனிகளின் மேல் பெரிய பெரிய தொழிற்சாலைகள் நிற்கின்றன. பட்டணத்தில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறையாய் இருந்தவர்களைப் பெயர்த்தெடுத்து, 2000-லிருந்து ஊருக்கு வெளியே கண்ணகி நகர் போன்ற இடங்களில் கொண்டுபோய்க் குவித்தார்கள். பெயரைப் பாருங்கள்! அன்று கண்ணகி மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கினாள். இன்று அவள் பெயர் வைத்த நகரமே சென்னைக்குப் புறஞ்சேரி. அங்குள்ள பிள்ளைகள் வேலை கேட்டுப் போனால், விலாசத்தைப் பார்த்ததுமே முகம் மாறுகிற கம்பெனிகள் உண்டு. அக்கம்பக்கத்தார் வாயில் அந்த ஊர்ப்பெயரே ஒரு வசவாகிவிட்டது. நேற்று கிராமத்தானைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த பட்டணத்து ஏழை இன்று பட்டணத்துக்கே அந்நியன்.

இன்னொன்று. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிற உழைப்பாளிகள் இன்று நம் ஆலைகளில் இருக்கிறார்கள்; நடவு வயல்களுக்கும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் என்ன? 'வடக்கன்'. "அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம் பிழைப்பு போகிறது" என்கிறோம். குறைந்த கூலி கொடுக்கிறவனுக்கு ஒரு கேலிப்பெயர் வைத்தோமா? இல்லையே!

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். எங்கேயோ நடந்த வேறு சம்பவங்களின் படங்களை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். விசாரித்தபோது பொய் என்று வெளிப்பட்டது. அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாக எடுபட்டது? வடக்கேயிருந்து வந்தவர்களின் காதில் நம் கேலி ஏற்கனவே விழுந்துகொண்டிருந்தது. ஒரு பொய் முளைக்க நிலத்தைப் பதப்படுத்திக் கொடுத்தது நம்முடைய சிரிப்பு.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் மேடைத் தமிழ் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'இன்னா' என்கிறவன் 'இன்னா' என்றே பேசட்டும். 'கழனி' என்கிறவன் 'கழனி' என்றே சொல்லட்டும். பாஷையில் குற்றமில்லை. உழைப்பவன் பேச்சில் உப்பும் காரமும் இருக்கத்தான் செய்யும். எதிரியைப் பார்த்து நாலு வார்த்தை சூடாகச் சொன்னாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பக்கத்தில் நிற்கிற கூலிக்காரனை எஜமானனின் வார்த்தையால் அடிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். அங்கே நடவுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். கூலியைப் பற்றிப் பேச ஆரம்பித்த இரண்டு பேர் வெகுநேரம் அந்நியர்களாக இருக்க முடியாது.

இரண்டு: ஆலையில் வேலைநிறுத்தம் என்றால், நோட்டீஸ் முதலில் முதலாளிக்குப் போகட்டும்; அடுத்தபடி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போக வேண்டும். கழனியில் கூலிப் போராட்டம் என்றால் ஆலைத் தோழர்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும். லாரி வந்து வாசலில் நின்ற பிறகு பேச ஆரம்பித்தால் அது காலம் கடந்த பேச்சு.

மூன்று: வெளிமாநிலத்துத் தொழிலாளியிடம் பேச அவன் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் உருதுக்காரனிடமும் தெலுங்கனிடமும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். 'நாஸ்டா' சாப்பிடத் தெரிந்த நமக்கு 'மஜ்தூர்' என்றால் தொழிலாளி என்று தெரிந்துகொள்வது கஷ்டமா?

சென்னையின் மீனவர் குப்பத்தில் பிறந்த சிங்காரவேலர், 1923 மே 1-ந் தேதி இந்த நாட்டில் முதன்முதலாக மேதினம் கொண்டாடியபோது, அதே நாளில் தாம் தொடங்கிய கட்சிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? தொழிலாளர், விவசாயிகள் என்ற இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்தார். பட்டணத்தானும் பட்டிக்காட்டானும் ஒரே பெயருக்குள் நிற்க வேண்டும் என்று அந்தக் கிழவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அன்று லாரியிலிருந்து அந்தப் பெரியவர் என்னைக் கேட்டாரே, "நீ எதுக்குடா ஆலைக்கு வந்தே?" என்று. அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் ஒளிந்தேன். இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்: நானும் சோற்றுக்குத்தான் வந்தேன், மாமா. நாம் எல்லோரும் சோற்றுக்குத்தான் வந்தோம். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இனிமேல் வெட்கப்பட வேண்டாம்.